கதவு நிலையில் இருக்கும் பென்சில் கோடுகள்: பெயிண்ட் அடிக்கலாமா, விட்டுவிடலாமா?

வாசகர் ஒருவரின் கேள்வி, ஜனவரி 8

தாத்தா பாட்டி இருந்த வீட்டைச் சரிசெய்து நாங்களே குடிபோகப் போகிறோம். எதைத் தொட்டாலும் வீட்டில் யாராவது ஒருவர் "அது அவங்க ஞாபகம், விடு" என்கிறார்கள். ஆடும் தாழ்ப்பாளும் ஞாபகம்தான், கோணல் அலமாரியும் ஞாபகம்தான். எதை வைப்பது, எதை எடுப்பது? இதற்கு ஏதாவது கணக்கு உண்டா?

ஜனவரி 8, இரவு

நானும் தம்பியும் இப்போது இதே வேலையில்தான் இருக்கிறோம். எங்கள் கணக்கு இது: கடையில் வாங்கிப் பொருத்தியது எதுவானாலும் மாற்றலாம். கையால் எழுதியது, கீறியது, செதுக்கியது எதையும் தொடக் கூடாது.

பின் அறையில் ஒரு பெரிய மர அலமாரி. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து சுவரை விட்டு ஒரு சாண் தள்ளியே நிற்கும். போகிறவர் வருகிறவர் எல்லாரும் அதன் மூலையில் இடித்துக்கொள்வார்கள். அதற்குப் பின்னால் ஒரு கதவு உண்டு, ஆனால் நாங்கள் யாரும் அது திறந்து பார்த்ததில்லை. போன வாரம் அலமாரியை நகர்த்தினோம். கதவு நிலையில், இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் பெயிண்ட் படாமல், வெறும் மரம். அந்தப் பட்டையில் கீழிருந்து மேலாகப் பென்சில் கோடுகள். ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் வருடம். 1969-இல் தொடங்கி 1996 வரை.

தாத்தா தன் பிள்ளைகள் வளர வளரப் போட்டு வைத்த உயரக் கோடுகள். சிலவற்றில் 'மு' என்று எழுதியிருக்கிறது. என் பெரியப்பாவின் வீட்டுப் பெயர் மு-வில்தான் தொடங்கும். தம்பி தரையில் உட்கார்ந்து அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆகவே கேட்டவருக்கு என் பதில்: சுவரை இடியுங்கள், தரையை மாற்றுங்கள். நிலையில் கோடு இருந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள். அலமாரியைப் பக்கத்துச் சுவரோடு ஒட்டிப் போட்டுவிட்டோம். அறையே அகலமாகிவிட்டது.

ஜனவரி 9

பென்சில் கோடு அழியாமல் இருக்க என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். பென்சிலில் இருப்பது கிராஃபைட், அதாவது கரி. பேனா மைபோல வெளிச்சத்தில் வெளுக்காது. துடைத்தால்தான் போகும். மேலே ஒரு கை ஆளிவிதை எண்ணெய் தடவிவிட்டால் மரமும் பிழைக்கும், கோடும் நிற்கும் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 10

நேற்று சொன்னதைச் செய்யாதீர்கள். நிலையின் பின்பக்கம், யாரும் பார்க்காத இடத்தில் நானே ஒரு கோடு போட்டு எண்ணெய் தடவிப் பார்த்தேன். மரம் கறுத்தது. கோடு மரத்தோடு மரமாக மங்கிப்போனது. வார்னிஷ் தூரிகையால் இழுத்தால் கரி பரவவும் செய்யும்.

இப்போது செய்திருப்பது வேறு. அறையை இருட்டாக்கி, கைவிளக்கை நிலையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுத்தோம். நேராக வெளிச்சம் அடித்தால் தெரியாததெல்லாம் பக்கவாட்டு வெளிச்சத்தில் தெரிகிறது. பென்சில் அழுத்திய பள்ளத்தில் நிழல் விழுகிறது. கரி உதிர்ந்துபோன நான்கு கோடுகள்கூடக் கிடைத்தன.

இன்னொன்று. எண்ணெய் தொட்ட துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது காற்றோடு சேர்ந்து சூடாகும். சுருட்டி வைத்த துணிக்குள் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துக் காயப் போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் போடுங்கள்.

ஜனவரி 14

கோடு ஒருபுறம் இருக்கட்டும், அந்த அறையின் சுவர்தான் இப்போது பெரிய தலைவலி. இடுப்பு உயரம் வரை பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. விரலால் அழுத்தினால் உதிர்கிறது. உள்ளே வெள்ளையாக, பஞ்சு மாதிரி உப்புப் பூத்திருக்கிறது. உப்பைச் சுரண்டிவிட்டு, நீர்க்காப்புப் பூச்சு இரண்டு கை, அதன் மேல் சிமெண்ட் பூச்சு, அப்புறம் பெயிண்ட் என்று முடிவு செய்திருக்கிறோம். ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

ஜனவரி 15

ஒருவர் ஒரே வரியில் கேட்டிருக்கிறார்: "முதல் கோடு தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர்?"

அளந்து பார்த்தேன். 41.

அதற்கு அவர்: "பிறந்த குழந்தையே ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். 41 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றது யார்?"

ஜனவரி 16

நேற்று இரவு தூங்கவில்லை. எல்லாக் கோட்டையும் அளந்து எழுதினேன். 1969 முதல் 1983 வரை எந்தக் கோடும் 45-ஐத் தாண்டவில்லை. சில வருடம் 38, சில வருடம் 43, இறங்கியும் இருக்கிறது. குழந்தை குட்டையாகுமா? 1983-க்கு அப்புறம் கோடுகள் ஏறத் தொடங்குகின்றன. 1986-இல் 61. 1990-இல் 84. கடைசிக் கோடு, 1996, 97 சென்டிமீட்டர். அந்த வருடம் எங்கள் வீட்டில் 97 சென்டிமீட்டர் உயரத்தில் யாரும் இல்லை. பெரியப்பாவுக்கு அப்போது மீசை நரைக்கத் தொடங்கிவிட்டது.

'மு' மட்டுமல்ல, 'பி' என்றும் பல கோடுகளில் இருக்கிறது. பி-யில் தொடங்கும் பெயர் எங்கள் குடும்பத்திலேயே இல்லை. எல்லாக் கோட்டின் முனையிலும் ஒரு சுழி இருக்கிறது. அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அது சுழி இல்லை, 'ஓ'.

தாத்தா போட்ட உயரக் கோடு என்று முதல் நாள் எழுதினேன் அல்லவா, அது எனக்கு யாரும் சொன்னது இல்லை. நிலையில் கோடு என்றால் குழந்தைகள் உயரம்தான் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். அத்தையிடம் கேட்கப்போகிறேன்.

ஜனவரி 19

அத்தைக்குப் படத்தை அனுப்பினேன். ஒரு மணி நேரம் பதில் இல்லை. அப்புறம் அவரே கூப்பிட்டார்.

"இது எங்கே கிடைச்சுது உனக்கு?"

அலமாரிக்குப் பின்னால் என்றேன்.

"உயரக் கோடு இல்லடா. அப்பா போட்டதும் இல்ல. அம்மா கையெழுத்து அது. ஓ-ன்னா ஓதம். மு-ன்னா மழைக்கு முன்னாடி, பி-ன்னா பின்னாடி. சுவர்ல ஓதம் எதுவரைக்கும் ஏறியிருக்குன்னு வருஷா வருஷம் குறிச்சு வெச்சா."

பாட்டி. எங்கள் பாட்டி, வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நாங்கள் கேட்டதில்லை. "நான் கட்டிய வீடு, நான் கட்டிய வீடு" என்று சொல்வது தாத்தாதான். திண்டில் சாய்ந்துகொண்டு, எந்த ஜன்னலுக்கு எந்த மரம் என்று கதை சொல்வதும் அவர்தான். பாட்டி அந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று யோசித்துப் பார்க்கிறேன். அறைக்குள் எங்கோ நடமாடிக்கொண்டிருப்பார். அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

அத்தை சொன்னது இது. பின் அறைச் சுவருக்கு வருடம் தவறாமல் சுண்ணாம்பு அடித்தது பாட்டி. ஆள் வைத்து இல்லை, தன் கையால். மழைக்கு முன்னால் விரல் நுனியால் சுவரைத் தொட்டுக்கொண்டே கீழிறங்குவாராம். ஈரம் தட்டுப்படும் இடத்தில் நிறுத்தி, அந்த மட்டத்துக்கு நிலையில் ஒரு கோடு. சுவரில் போட்டால் அடுத்த வெள்ளையடிப்பில் மறைந்துவிடும், அதனால் மரத்தில். நிலைக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தபோது பக்கத்திலேயே நின்று அந்த இரண்டு விரல் பட்டையை விட்டுவிடச் சொன்னாராம்.

இருபத்தேழு வருடக் கணக்கு, ஒரு கதவு நிலையில். அது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

இந்த இழையின் தொடக்கத்தில் 'தாத்தா' என்று எழுதிய இடத்தைத் திருத்தவில்லை. அப்படித்தான் நினைத்தோம் என்பதும் தெரியட்டும்.

ஜனவரி 20

பாட்டியின் கை சொரசொரவென்று இருக்கும். விரல் மூட்டுகளில் வெடிப்பு. தலை கோதும்போது முடியில் மாட்டும். வயசானால் கை அப்படி ஆகும் என்று நினைத்திருந்தேன். சுண்ணாம்பு கடும் காரம், தோலின் எண்ணெயைத் தின்றுவிடும், வெடிக்க வைக்கும். நேற்று அத்தை பேசி முடித்தபிறகுதான் இது உறைத்தது.

ஜனவரி 27

ஜனவரி 14-இல் எழுதிய திட்டத்தை முழுக்கக் கைவிட்டோம். யாராவது அதைப் படித்து வேலையைத் தொடங்கியிருந்தால் நிறுத்துங்கள். பழைய வீடுகளில் வேலை செய்து பழகிய கொத்தனார் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். கோடுகளைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "83-ல என்ன பண்ணீங்க?"

அப்பாவைக் கேட்டேன். 1983-இல் இரண்டு வேலை நடந்திருக்கிறது. வெளியே சுவரை ஒட்டி சிமெண்ட் தளம் போட்டார்கள். உள்ளே கீழ்ச்சுவரில் சுண்ணாம்புக் காரையை எடுத்துவிட்டு சிமெண்ட் பூசி எண்ணெய்ப் பெயிண்ட் அடித்தார்கள்.

செங்கல்லிலும் காரையிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அவை தரை ஈரத்தை மேலே இழுக்கும். காரைச் சுவர் அந்த ஈரத்தைக் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும். ஏறுவதும் காய்வதும் ஏதோ ஓர் உயரத்தில் சமமாகும். பாட்டியின் சுவரில் அந்த உயரம் 40 சென்டிமீட்டர் சுமார். அங்கே சிமெண்டைப் பூசி, மேலே எண்ணெய்ப் பெயிண்டும் அடித்தால் காய வழியில்லை. ஈரம் எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே வரை ஏறும். வெளித்தளமும் சுவரை ஒட்டிப் போட்டதால் மண்ணின் ஈரம் மேலே போக முடியாமல் சுவர்ப் பக்கமே திரும்பியது.

உப்புதான் சுவரைத் தின்பது. மண்ணிலிருந்து நீர் கொண்டுவரும் உப்பு, நீர் காயும் இடத்தில் படிகமாகும். படிகம் வளரும்போது துளைக்குள் நெருக்கும். அந்த நெருக்கலில்தான் பூச்சு பொருக்குத் தட்டி விழுகிறது. சுண்ணாம்புக் காரையில் அது நடந்தால் விழுவது காரை, அடுத்த வருடம் திரும்பப் பூசிக்கொள்ளலாம். கெட்டியான சிமெண்டுக்குப் பின்னால் நடந்தால் செங்கல்லே மாவாகும். எங்கள் சுவரில் இரண்டு இடத்தில் செங்கல்லைக் கரண்டியால் வழித்து எடுக்க முடிந்தது.

ஒன்று முக்கியம். எல்லா ஈரமும் தரையிலிருந்து ஏறுவது இல்லை. முதலில் குழாய்க் கசிவு, கூரை நீர் விழும் இடம், வெளி மண் உள்தரையைவிட உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஓர் அடிக்கு ஓர் அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நீர் முத்துமுத்தாக நின்றால் அது அறைக் காற்றின் ஈரம். உள்பக்கம் நின்றால் சுவரின் ஈரம். எங்களுக்கு உள்பக்கம்.

பிப்ரவரி 3

சுவரோடு ஒட்டிப் போட்ட அலமாரியை இன்று நகர்த்தினோம். ஒரு மாதம்தான் ஆகிறது. பின்பலகை முழுக்கச் சாம்பல் நிறப் பூஞ்சை. அத்தனை வருடம் ஒரு சாண் தள்ளி நின்றபோது அந்தப் பலகையில் ஒரு புள்ளி இல்லை.

பிப்ரவரி 5

"சிமெண்ட் இல்லாமல் சுவர் நிற்குமா?" நிற்கும். நாம் இன்று சிமெண்ட் என்று சொல்லும் போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824-இல். அதற்கு முன்னால் உலகமெங்கும் கல்லையும் செங்கல்லையும் பிடித்து நிறுத்தியது சுண்ணாம்பும் மண்ணும்தான். சிமெண்ட் கெட்டது என்று நான் சொல்லவில்லை. சுண்ணாம்பில் கட்டிய, அடியில் ஈரத்தடுப்பு இல்லாத சுவருக்கு அது பொருந்தாது, அவ்வளவுதான்.

பிப்ரவரி 11

சிமெண்டை உடைக்கத் தொடங்கிய அன்று அத்தை வந்திருந்தார். முதல் துண்டு விழுந்ததும், "பாவம்டா அப்பா" என்றார். நான் உளியை நிறுத்திவிட்டேன்.

இத்தனை நாள் மனசுக்குள் தாத்தா மேல் எனக்கு ஒரு கோபம் இருந்தது. பாட்டி பதினான்கு வருடம் கணக்குப் பார்த்துக் காப்பாற்றிய சுவரை அவர் கெடுத்துவிட்டார், பேரும் அவர் எடுத்துக்கொண்டார் என்று. ஜனவரி 19 குறிப்பில் அது தெரியும். அத்தை சொன்னதைக் கேட்டபிறகு அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

1982 மழைக்கு முன்னால் பாட்டியின் வலது கை வெடித்துப் புண்ணாகி, ஒரு வாரம் சோறு பிசைய முடியாமல் இருந்திருக்கிறது. தாத்தா அடுத்த வருடமே கைச்சேமிப்பை எடுத்துச் சிமெண்ட் பூசச் சொன்னார். இனி அவள் சுண்ணாம்பில் கை வைக்கக் கூடாது என்பதற்காக. வீட்டில் எல்லாரிடமும் "இனி நூறு வருஷத்துக்கு வெள்ளையடிக்க வேண்டாம்" என்று சொல்லிச் சந்தோஷப்பட்டாராம்.

பாட்டிக்கு மூன்று வருடத்தில் தெரிந்துவிட்டது. 61-இல் கோடு போட்ட அந்த 1986-இல்தான் முன் அறையில் இருந்த அலமாரியைப் பின் அறைக்கு நகர்த்தச் சொன்னார். அந்தக் கதவையே மறைத்துப் போட்டால் போக்குவரத்துக்கு என்ன செய்வது என்று தாத்தா கேட்டதற்கு, "காத்து அடிக்குது" என்றாராம்.

"அப்பா கண்ணுல அந்தக் கோடு படக்கூடாதுன்னுதான். ஆனா கோடு போடறதை மட்டும் விடல. அந்தச் சந்துல கையை விட்டுப் போடுவா."

கடைசிப் பத்துக் கோடுகள் ஏன் சாய்வாக, நடுங்கி நடுங்கி இருக்கின்றன என்று படம் எடுத்தபோதே யோசித்தேன். வயது என்று நினைத்தேன். ஒரு சாண் இடுக்கில், கண்ணால் பார்க்காமல், தடவித் தடவிப் போட்ட கோடுகள் அவை.

பிப்ரவரி 12

கேட்டவருக்கு முதல் நாள் நான் கொடுத்த கணக்கைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். "கையால் செய்ததை வை, வாங்கியதை எடு" என்றேன். அந்தச் சிமெண்ட் வாங்கியதுதான். அதில் இருப்பது தாத்தாவின் மனசு. அதை எடுக்கத்தான் வேண்டும், சுவர் மாவாகிக்கொண்டிருக்கிறது. ஆனால் "அது வெறும் தப்பு வேலை" என்று சொல்லிக்கொண்டு எடுக்க முடியாது.

தம்பி என்னைவிடத் தெளிவாக இருக்கிறான். "தாத்தாவுக்கு இந்தக் கோட்டைக் காட்டியிருந்தா அவரே உடைச்சிருப்பார்" என்றான். உடைத்திருப்பார். அவர் அப்படிப்பட்டவர்தான்.

பிப்ரவரி 20

உள்ளே 120 சென்டிமீட்டர் வரை சிமெண்ட் முழுக்க எடுத்தாயிற்று. வெளித்தளத்தைச் சுவரிலிருந்து ஓர் அடி அகலத்துக்கு வெட்டி, பள்ளம் தோண்டி, சல்லி நிரப்பினோம். செங்கல்லைக் கழுவவில்லை, உலர்ந்த தூரிகையால் உப்பைத் தட்டி எடுத்தோம். கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேயே போகும்.

இனி காய வேண்டும். அங்குலத்துக்கு ஒரு வாரம் என்று வைத்தால் ஒன்பது அங்குலச் சுவருக்கு இரண்டு மாதம்.

பிப்ரவரி 21

தவறு. அங்குலத்துக்கு ஒரு வாரம் இல்லை, ஒரு மாதம். கொத்தனார் சொல்லித் திருத்துகிறேன். அதுவும் தோராயக் கணக்கு. இரண்டு பக்கமும் திறந்திருப்பதால் எங்களுக்குக் கொஞ்சம் சீக்கிரம் ஆகலாம். ஜூன் வரை சுவரைத் தொடப்போவதில்லை. தம்பி மனைவி ஒரு வார்த்தை சொல்லாமல் பின் அறைச் சாமானையெல்லாம் கூடத்தில் அடுக்கிக்கொண்டாள். அதை இங்கே எழுதி வைக்கவேண்டும் என்று தோன்றியது.

மார்ச் 9

காத்திருக்கும் நேரத்தில் நிலையின் மற்ற பக்கங்களைச் சுரண்டப் போகிறோம் என்றதும் ஒருவர் எச்சரித்திருந்தார். அவருக்கு நன்றி. பழைய எண்ணெய்ப் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூள் வீடு முழுக்கப் பறக்கும். தவழும் குழந்தை தரையில் கை வைத்து வாயில் வைக்கும். ஈயத்தில் 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்ற அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தம்பி மகளுக்கு ஒன்றரை வயது. அதனால் தேய்க்கவே இல்லை. உதிரும் பொருக்கை மட்டும் தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, மேலே புதுப் பெயிண்டால் மூடினோம். நல்ல நிலையில் ஒட்டியிருக்கும் பழைய பெயிண்டைக் கிளறாமல் மூடுவதே மேல்.

கோடுகள் உள்ள பட்டையை அப்படியே விட்டோம். பெயிண்ட் அடித்தவர் பக்கத்தில் தம்பி நின்றுகொண்டான்.

ஜூன் 14

காரை பூசியாயிற்று. சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று. இரண்டு பூச்சு. ஒவ்வொன்றும் சட்டென்று காய்ந்துவிடாமல் ஈரச்சாக்கு தொங்கவிட்டோம்.

சுண்ணாம்பு இறுகுவது சிமெண்ட் இறுகுவதுபோல இல்லை. சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 900 டிகிரியில் சுட்டால் அதிலிருக்கும் கரியமில வாயு போய்விடும். சுட்ட கல்லில் தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். நீறிய சுண்ணாம்பைச் சுவரில் பூசினால், காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல இழுத்துத் திரும்பக் கல்லாகும். மேலிருந்து உள்ளே போவதற்கு மாதக்கணக்கில் ஆகும். நாங்கள் ஏற்கெனவே நீற்றியதைத்தான் வாங்கினோம். வீட்டில் நீற்ற வேண்டாம், கண்ணில் ஒரு துளி தெறித்தால் பார்வையே போய்விடலாம். பூசும்போதும் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். பாட்டியிடம் இரண்டும் இல்லை.

ஜூன் 29

வெள்ளையடிப்பு. பால் பதத்துக்குக் கரைத்து, சுவரை ஈரமாக்கி, மெல்லிசாக ஒரு கை. அடிக்கும்போது ஒன்றுமே தெரியாது. தண்ணீரை அடித்ததுபோல அடியில் இருக்கும் காரை அப்படியே தெரியும். 'போதாதோ' என்று திரும்பத் திரும்ப அடிக்கக் கை துறுதுறுக்கும், அடிக்கக் கூடாது. காயக் காய, ஓரத்திலிருந்து வெள்ளை எழுந்து வருகிறது. நான்கு கை அடித்தோம், ஒரு நாளைக்கு ஒன்று.

மூன்றாம் கை அடித்துக்கொண்டிருந்தபோது அந்த வாசனை வந்தது. ஈரச் சுண்ணாம்பு, பழைய மரம், கொஞ்சம் மண். எனக்கு ஏழு வயது. பின் அறையில் ஒரு முக்காலி. முக்காலியில் பாட்டி, சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, இடக்கையால் சுவரைத் தடவியபடி. என்னைப் பார்த்து, "ஓரமா நில்லு, கண்ணுல படும்" என்கிறார்.

நான் ஜனவரியில் எழுதினேன், பாட்டி எங்கே இருந்தார் என்று நினைவில்லை என்று. இருந்திருக்கிறது. சிமெண்ட் பூசாத பக்கச்சுவர் ஒன்று அந்த அறையில் இருந்தது, அதற்கு அவர் கடைசிவரை வெள்ளையடித்திருக்கிறார், நான் பார்த்திருக்கிறேன். மற்ற புலன்கள் மூளைக்குள் தாலமஸ் என்ற இடைநிலையம் வழியாகச் சுற்றிப் போகும்போது, வாசனை மட்டும் அந்தச் சுற்று இல்லாமல் நினைவும் உணர்ச்சியும் இருக்கும் பகுதிக்கே போகிறது என்று படித்திருக்கிறேன். படித்தது வேறு. தூரிகையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஜூலை 2

"வாசனை போகாமல் இருக்க என்ன செய்வது?" காய்ந்ததும் போய்விட்டது. அடுத்த வருடம் அடிக்கும்போது வரும்.

ஆகஸ்ட் 23

அந்தக் கதவைத் திறந்தோம். அலமாரி மறைத்த நாளிலிருந்து சாத்தியே இருந்த கதவு. இரண்டு நாள் அடைமழையில் உப்பி, நிலையில் இறுகிக்கொண்டது. நான் அவசரப்பட்டு இழைப்புளி போட்டு ஓரத்தைச் சீவிவிட்டேன். மூன்று வாரம் வெயில் அடித்ததும் ஒரு விரல் நுழையும் இடைவெளி.

மரம் ஈரம் குடித்தால் நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது, அகலவாக்கில்தான் உப்பும். வெயிலில் திரும்பச் சுருங்கும். மழையில் சீவினால் வெயிலில் இடைவெளிதான். கதவின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தால், சீவாமல் விட்ட கீழ்ப்பகுதியில் மெழுகு தேய்த்த மினுக்கம். இறுகும் இடத்தில் பாட்டி மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டு மழை முடியும்வரை பொறுத்திருக்கிறார். நான் சீவிய ஓரத்துக்கு ஒரு மெல்லிய பட்டை ஒட்டிச் சரிசெய்தேன். பட்டையின் நிறம் வேறாகத் தெரிகிறது.

நவம்பர் 30

மழை முடிந்தது. நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள், இதோ. இன்று காலை சுவரை விரலால் தொட்டுக்கொண்டே இறங்கினேன். ஈரம் தட்டுப்பட்டது 66 சென்டிமீட்டரில். 40 இல்லை. ஆனால் 97-உம் இல்லை. செங்கல்லுக்குள் ஊறிய உப்பு போகச் சில வருடம் ஆகும், அதுவரை கீழ்க்காரை கொஞ்சம் கொஞ்சமாக உதிரும், பூசிக்கொள்ளுங்கள் என்கிறார் கொத்தனார்.

நிலையில் கோடு போட்டது நான்தான். அத்தையைப் போடச் சொன்னேன், "அளந்தவன் போடணும்" என்று பென்சிலை என் கையிலேயே கொடுத்துவிட்டார். வருடம், பி, ஓ.

அப்புறம் அலமாரி. கதவு இனி திறந்திருக்கும், ஆகவே பழைய இடத்தில் போட முடியாது, பக்கத்துச் சுவர்தான். நான் என் கையை விரித்து ஒரு சாண் அளந்து நிறுத்தினேன். அத்தை தலையை ஆட்டினார். "உன் சாண் இல்ல. அம்மாவுக்கும் எனக்கும் ஒரே கை." சுவரில் கட்டை விரலை வைத்து, சுண்டு விரலால் பின்பலகையைத் தேடினார். எட்டவில்லை. "இன்னும் ரெண்டு விரல் உள்ள தள்ளு" என்றார். நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளினோம்.